மகாராணிக்கு முதல் வாளி

போன வாரம் கால்நடைத் துறை நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு துண்டறிக்கை வந்து விழுந்தது. 'பழைய மாடுகளோடு புது மாட்டைச் சேர்ப்பது எப்படி?' எட்டுக் கட்டம், எட்டுப் படம். கடைசிப் படத்தில் புது மாடும் பழைய மாடும் தோளோடு தோள் உரசிச் சிரிக்கின்றன. இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் சிரிக்கிற மாட்டை நான் பார்த்ததில்லை என்று குழுவில் எழுதினேன். எழுதியது தப்பாகப் போயிற்று. "அப்ப நீங்க பார்த்ததை எழுதுங்க சார், ஒரு பக்கம் போதும்" என்று இப்போது வேலையில் இருக்கும் ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் எனக்குத் தும்மக்கூட வராது.

எனக்கு வயது ஐம்பத்து நாலு. போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். விருப்பம் என்னுடையதல்ல, என் இடது முழங்காலுடையது. ஒரு காளை உதைத்த நாளிலிருந்து அது என்னைக் கேட்காமல் முடிவெடுக்க ஆரம்பித்திருந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பெயர், உட்காருவதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் பார்க்க ஓடுகிறேன், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பார்க்க ஓடுகிறேன். நடவு வயலில் வெயில் பச்சையாகும் இடத்தில் வண்டியை நிறுத்தி நிற்கிறேன். பின்னால் வருகிறவன் ஆரன் அடிக்கிறான்.

கால்நடை ஆய்வாளர் பயிற்சி ஒரு வருடம். ஊசி போடக் கற்றேன். கயிறு சுற்றி மாட்டை நோகாமல் சாய்க்கக் கற்றேன். தோள்வரை உறை மாட்டி, கையை உள்ளே விட்டு, இருட்டில் துழாவிச் சினை சொல்லக் கற்றேன். ஒரு மாடு இன்னொரு மாட்டை முதல்முதலாகப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

அதைப் பூதலூரில் ஒரு கன்னடத்துப் பசு கொஞ்சம் காட்டியது. நான் வேலைக்குச் சேர்ந்த மாதம் அது. ஒருவர் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதை லாரியில் ஏற்றி வந்திருந்தார். 'வா' என்றால் நிற்கும். 'நில்லு' என்றால் நடக்கும். காது கேட்கவில்லை, ஊசி போடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். நானும் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசியில் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த வங்கி ஊழியர் ஒருவர் அந்த வழியாகப் போனவர் சும்மா நின்று, "பா, பா" என்று கன்னடத்தில் கூப்பிட்டார். பசு பூனைக்குட்டி மாதிரி அவர் பின்னால் வங்கிவரை போய்விட்டது. ஒரே மாதத்தில் அந்த வீட்டுப் பழைய மாடுகள் நாலும் கன்னடம் கற்றுக்கொண்டன. வந்தது தமிழ் கற்கவே இல்லை. கொட்டகையில் யார் யாரை மாற்றுவார்கள் என்பது நம் கையில் இல்லை என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நன்னிலம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு மாற்றல். அங்கே மருத்துவர் அமுதவல்லி. ஊரே டாக்டரம்மா என்றது, நானும் அப்படியே. ஐந்தடிக்குக் குறைவு. முரட்டுப் பருத்திப் புடவையை ஏற்றிச் செருகி, ரப்பர் பூட்ஸ் போட்டு, சேற்றில் நாரை மாதிரி காலை எடுத்து எடுத்து வைத்து நடப்பார். மாடுகளுக்கு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "கொஞ்சம் நகருங்கம்மா." "வாயைத் திறங்க." "அவ்வளவுதாங்க, முடிஞ்சு போச்சு." எனக்கு வெறும் 'ப்பா'. "அந்த ஊசிய எடுப்பா." "எங்கப்பா பாக்குற, இங்க பாருப்பா."

ஒருநாள் கேட்டே விட்டேன். "மாட்டுக்கெல்லாம் மரியாதை குடுக்குறீங்க. நான் என்னம்மா பாவம் பண்ணினேன்?"

"நீ உதைக்க மாட்டப்பா" என்றார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் காரியம் ஒரு காலி பக்கெட் கேட்பது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மாட்டுக்காரர் அதன் ஜாதகத்தை ஆரம்பிப்பார். டாக்டரம்மா உள்ளங்கையைக் காட்டுவார், பேச்சு நிற்கும். டீ வரும், ஆறும். அரைமணி நேரம் மாடு அசை போடும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார், ஈ இரண்டு பேரையும் சுற்றும். பிறகு எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். பெரும்பாலும் அதில் விஷயம் முடிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் பல வருடம் மாற்றல் கேட்காமல் இருந்தேன்.

புது மாட்டுக்கு அவர் வைத்திருந்த முறை இது. வந்து இறங்கியதும் மூன்று வாரம் தனிக் கொட்டகை. பழைய மாடுகளின் மூச்சுப் படாத தூரம், காற்று புதுசிலிருந்து பழசுக்கு வீசாத பக்கம். தனி வாளி, தனித் தொட்டி, தனிக் கயிறு. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குடற்புழு மருந்து, தடுப்பூசி. தினமும் சாணம், மூக்கு, குளம்பு பார்க்க வேண்டும். முக்கியமானது வேலை வரிசை: தீனி வைப்பதும் பால் கறப்பதும் முதலில் பழைய மாடுகளுக்கு, கடைசியில் புதுசுக்கு. ஏனென்றால் நோய் நம் கையிலும் காலிலும்தான் ஏறிப் போகும். பிறகு ஒரு வாரம் மூங்கில் படலுக்கு இரண்டு பக்கமும் கட்டி, ஒன்றை ஒன்று பார்க்கவும் மோந்து பழகவும் விட வேண்டும். கடைசியாக, வயிறு நிறைந்த பிறகு, யாருக்கும் சொந்தமில்லாத திறந்தவெளியில் எல்லாவற்றையும் அவிழ்த்து விட வேண்டும்.

இத்தனையும் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததுதான் வினை.

பரிமளா வீடு வாய்க்கால் ஓரம். கொல்லையில் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை, அதில் ஆறு மாடுகள். கணவர் கலியபெருமாள் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒன்றரை வருடம் வராது என்று பரிமளாவே ஒருமுறை சொன்னார். ஆறும் பரிமளா தனி ஆளாகச் சேர்த்த மாடுகள். ஒரு கன்றில் ஆரம்பித்தது. அந்தக் கன்றுதான் இப்போது ஆறுக்கும் தலைவி. செவலை என்று பெயர். வாசலை ஒட்டிய முதல் கட்டுத்தறி செவலையுடையது. காற்றும் முதலில் அவளுக்கு, வாளியும் முதலில் அவளுக்கு. அவள் எழுந்தால் மற்றவை எழும். அவள் படுக்கிறவரை ஒன்றும் படுக்காது.

ஏழாவதாக ஒரு சினைப்பசு வாங்கினார் பரிமளா. கறுப்பும் வெள்ளையுமாக, திட்டுத் திட்டாக மேகம் ஒட்டியது மாதிரி உடம்பு. ஏழு மாதச் சினை. லாரியிலிருந்து இறங்கிய நடையைப் பார்த்து அங்கேயே 'மகாராணி' என்று பெயர் வைத்துவிட்டார். அன்றைக்கு நான் கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ரோட்டிலேயே வண்டியை நிறுத்தி, ரத்தம் எடுத்து, வெப்பம் பார்த்தேன். வீட்டுக்குள் போகவில்லை.

பரிமளா ஒரு விஷயம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சார், போன வருசம் ஒண்ணுக்கு கன்னு தங்காமப் போச்சு. இதுக்கும் அப்படி ஆனா, மாடே வேணாம், எல்லாத்தயும் வித்துட்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பி வான்னு அவரு சொல்றார். ரெண்டு ரூம் வீடு பாத்து வெச்சிருக்காராம். பதினாலாவது மாடி. அங்க நான் என்ன சார் பண்ணுவேன்? லிஃப்டுக்கு வைக்கோல் போடவா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் எழுதித் தரேன், அதுபடி செய்யுங்க" என்றேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், பெட்ரோல் டேங்க் மேல் வைத்து எழுதினேன்: 'புது மாடு. இருபத்தொரு நாள் தனிக் கவனிப்பு.' கீழே ஒரு கோடு இழுத்தேன். அழகான கையெழுத்து என்று எனக்கே தோன்றியது.

நடுவில் இரண்டு தடவை போனில் கேட்டேன்.

"தனியா கவனிக்கிறீங்களாம்மா?"

"நல்லாவே கவனிக்கிறேன் சார். ஒரு குறையும் வெக்கல."

ரத்தச் சோதனையும் சுத்தமாக வந்தது. இருபத்திரண்டாம் நாள், படல் வைக்கும் வாரத்தை அவசரத்தில் விட்டுவிட்டு, போனிலேயே 'எல்லாத்தயும் சேர்த்து அவுத்து விட்டுடுங்க' என்றேன்.

அரைமணி நேரத்தில் திரும்பப் போன். "சார், செவலை வாய்க்கால்ல தள்ளிடுச்சு சார்!"

போனேன். மகாராணி வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. விலாவில் நீளமாக ஒரு கீறல். கரையில் ஆறு மாடுகளும் வரிசையாக, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் மாதிரி. நடுவில் செவலை தலையைத் தாழ்த்தி நின்றது; அதன் மூச்சில் புல் ஆடியது. இது சாதாரண முட்டல் இல்லை. புதுசைப் பார்த்தால் பழசு இரண்டு தள்ளுத் தள்ளும், புதுசு தலையைத் திருப்பும், கணக்கு முடிந்துவிடும். செவலையிடம் தீராத கோபம் இருந்தது. மனுஷக் கோபம்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். தீனியைப் பத்து இடத்தில் பிரித்துப் போட்டேன். செவலை பத்து இடத்துக்கும் போய் மகாராணியைத் துரத்தியது. இருப்பதிலேயே சாதுவான மாட்டைத் துணைக்கு விட்டேன். அது செவலையைப் பார்த்துவிட்டுக் கட்சி மாறியது. எல்லாவற்றின் முதுகிலும் வேப்பெண்ணெய் தடவி ஒரே வாசனையாக்கினேன். வாசனை ஒன்றாயிற்று, என் சட்டையும் உட்பட. செவலை என்னையும் சேர்த்து முட்டியது.

இதற்குள் கலியபெருமாள் வீடியோ காலில் வந்துவிட்டார். பரிமளா போனை உயர்த்திப் பிடித்தார். ஷார்ஜாவிலிருந்து ஒரு கம்பெனித் தொப்பி, "ஏய் செவலை! சும்மா இருக்கமாட்ட?" என்று அதட்டியது. செவலை போனை மோந்தது. பிறகு திரையை முழு நீளத்துக்கு நக்கியது.

"இருட்டாயிடுச்சே. கரண்டு போச்சா?" என்றது தொப்பி.

பரிமளா போனை முந்தானையில் துடைத்தார். கலியபெருமாள் சொன்னது எனக்கும் கேட்டது. "பரிமளா, இது சரிப்படாது. அந்தக் கன்னும் தங்கப்போறதில்ல. நான் டிக்கெட் பாக்குறேன்." பரிமளா போனை இடுப்பில் செருகினார். கீறலில் மஞ்சளை அள்ளி அப்பினார். மகாராணி காலையிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை. வயிற்றுக்குள் கன்று ஒரு பக்கமாக ஒதுங்கித் துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முட்டு சரியான இடத்தில் பட்டால் போதும். நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

வந்தார். பக்கெட் கேட்டார். உட்கார்ந்தார்.

சாயங்காலத் தீனி நேரம். மகாராணியைக் கொட்டகையில் கட்டியாயிற்று, மற்ற ஆறையும் கட்டியாயிற்று. மேற்கே நாணல் பூவெல்லாம் பொன்னாகிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல அதில் கொஞ்சம் தொலைந்திருந்தேன். பரிமளா உள்ளேயிருந்து தவிடும் புண்ணாக்கும் கரைத்த வாளியோடு வந்தார். நேராக வாசல் தறிக்குப் போனார். அங்கே நின்றது மகாராணி. தலைக்கு மேலே டேபிள் ஃபேன், கயிற்றில் கட்டித் தொங்கியது. தொட்டியில் ஊறிய பருத்திக்கொட்டை தனியாக. பக்கத்தில் சாம்பிராணிக் கரண்டி. முதல் வாளியை மகாராணி முன்னால் வைத்தார். உள்ளே இருந்த மற்ற ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. கொட்டகையின் கடைசித் தறியிலிருந்து, சாணிக் குழி ஓரத்திலிருந்து, செவலையும் திரும்பியது.

டாக்டரம்மா எழுந்தார்.

"ஏம்மா, செவலையம்மா எடத்துல இவங்கள யாரு கட்டினது?"

"நான்தாங்க டாக்டரம்மா. வந்த அன்னிக்கே."

"மொத வாளியும் இவங்களுக்கா?"

"இருபத்தொரு நாளா அப்படித்தாங்க. சார்தானே எழுதிக் குடுத்தாங்க!"

பரிமளா உள்ளே போய்ச் சீட்டைக் கொண்டுவந்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார் போல; நாலு மூலையிலும் மஞ்சள். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிப் படித்தார். 'புது மாடு. இருபத்தொரு நாள் தனிக் கவனிப்பு.' அடிக்கோடு வேறு.

நம் பக்கத்தில் 'தனியா கவனிக்கிறது' என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் சம்பந்தி வீட்டாரைத் தனியாகக் கவனிப்பார்கள். அப்பளம் ஒன்று கூட விழும். வீட்டுக்கு அதிகாரி வந்தால் தனியாகக் கவனிப்பார்கள். அந்த வார்த்தையைத்தான் நான் ஒரு சினைப்பசுவின் தலையில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். ஒதுக்கி வை என்று நான் நினைத்தேன். ஒசத்தி வை என்று அவர் படித்தார். படித்ததில் பிழையே இல்லை.

டாக்டரம்மா சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். பெண்டாட்டி காய்கறிப் பட்டியலை வைப்பது மாதிரி.

"கல்யாண மாப்பிள்ளைக்கு எழுத வேண்டியத மாட்டுக்கு எழுதியிருக்கப்பா" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வந்தவங்களுக்கு கோமாரி இருந்திருந்தா, அந்த மொத வாளியோட ஆறு பேருக்கும் போயிருக்கும். ரத்தம் சுத்தமா வந்தது உன் அதிர்ஷ்டம்." அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எனக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கியிருக்கும்.

மறுபடி முதலிலிருந்து. செவலையை வாசல் தறிக்கு மாற்றினோம். ஃபேனை அவிழ்த்தோம். மகாராணியைக் கொல்லையில் தனியாகக் கட்டி, நடுவில் மூங்கில் படல் நிறுத்தினோம். முதல் வாளி செவலைக்கு. பிறகு வரிசையாக மற்றவை. கடைசி வாளி மகாராணிக்கு. ஒரு வாரம்.

பரிமளா வாளியோடு அப்படியே நின்றார். "வந்த பொண்ணுக்குக் கடைசியாவா? கை வரமாட்டேங்குதுங்க டாக்டரம்மா. விருந்தாளி இல்லீங்களா?"

"விருந்தாளியா வெச்சீங்கன்னா விருந்தாளியாவே இருப்பாங்க. வீட்டு ஆளு ஆகணும்ல? உங்க வீட்டுல கடைசியா யாரு சாப்பிடுவா?"

பரிமளா வாளியைக் கீழே வைத்தார். "நான்தான்" என்றார். "வந்த நாள்லேருந்து."

"அப்புறம் என்ன?"

"அப்ப இவ என் கட்சி" என்று சொல்லி, வாளியைத் தூக்கிக்கொண்டு செவலையிடம் போனார். போகிற வழியில் ஒரு கை பருத்திக்கொட்டையை முந்தானைக்குள் ஒளித்ததை நான் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். "மத்த ஆறு பேரும் பாக்காம குடுங்க" என்றார்.

அந்த ஒரு வாரமும் நான் காலையும் மாலையும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. முதல் இரண்டு நாள் செவலை படலை முட்டியது. மூன்றாம் நாள் படலுக்கு இந்தப் பக்கம் படுத்து அசை போட்டது. மகாராணி அந்தப் பக்கம் படுத்தது. ஐந்தாம் நாள் படலின் இடுக்கில் இரண்டு மூக்குகள். நடுவில் போன காற்றுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

எட்டாம் நாள் காலை, தீனி முடிந்து, ஆற்றங்கரைத் திடலில் அவிழ்த்து விட்டோம். கரைக்குக் கீழே தண்ணீர் நிறைந்து, ஓசையில்லாமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. செவலை நேராக மகாராணியிடம் நடந்தது. பரிமளா என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா பக்கெட் இல்லாததால் நின்றுகொண்டிருந்தார். நெற்றியும் நெற்றியும் ஒட்டின. ஒரு தள்ளு. மகாராணி இரண்டடி பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் திருப்பியது. செவலை மூச்சை விட்டது. பிறகு குனிந்து புல் மேய ஆரம்பித்தது. மற்ற ஐந்தும் குனிந்தன. மகாராணியும் குனிந்தது. அவ்வளவுதான். ஏழு முதுகுகள், ஒரே திசையில் ஏழு வால்கள்.

"முடிஞ்சு போச்சுங்க" என்றார் டாக்டரம்மா. யாரிடம் சொன்னார் என்று பார்த்தேன். மாட்டிடம்தான்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலையில், மகாராணி கன்று போட்டது. பெண்கன்று, கிடாரி. உள்ளே கை விட வேலையே வைக்கவில்லை; நான் வெந்நீர் வாளியோடு சும்மா நின்றேன். ஈரத்தோடு அது நாலு காலையும் நாலு திசைக்கு அனுப்பி, விழுந்து, மறுபடி எழுந்தது. மகாராணி நக்கிக்கொண்டிருந்தது. வாசல் தறியிலிருந்து செவலை கயிறு எட்டும் மட்டும் கழுத்தை நீட்டி, கன்றின் முதுகை ஒரு நக்கு நக்கிவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல வைக்கோலுக்குத் திரும்பியது.

பரிமளா வீடியோ கால் போட்டார். ஷார்ஜாவில் கலியபெருமாள் போனுக்குள் குனிந்து கன்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். தலை நரைத்திருந்தது.

"தங்கிடுச்சா" என்றார்.

"தங்கிடுச்சு. நான் வரலைங்க."

"ம். அது தெரிஞ்சு போச்சு." கொஞ்சம் இருமினார். "அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கல. இங்க எனக்கும் முடியல பரிமளா. மாடிப்படி, வெயில்... நான் வந்துடட்டுமா? ஒரேயடியா? வந்தா என்னயச் சேத்துக்குவீங்களா?"

பரிமளா முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் திரும்பி, கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார்.

"இருங்க" என்றார். "செவலைகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."